ஏல நாற்றங்கால்

நுழையும்முன்

ஏலக்காயின் மணத்தை அறியாதவர் இல்லை. ஆனால், அக்காயினுள் இருக்கும் சிறு விதை மண்ணில் முளைத்து, செடியாகி, மீண்டும் காய் தருவதற்கு எத்தனை ஆண்டுகள் வேண்டும் என்பதை அறிந்தவர் சிலரே. அப்பயணத்தின் முதற்கட்டத்தை விளக்குகிறது இக்கட்டுரை.

மலையும் பயிரும்

தேனி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். இங்கிருந்து போடிமெட்டு வழியாக மேலேறினால் பூப்பாறை, உடும்பன்சோலை என ஏலமலைப் பகுதி விரிகின்றது. அம்மலைப்பகுதி கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தைச் சேர்ந்தது. எனினும், அங்குள்ள தோட்டங்களில் உழைப்போருள் பலர் போடிப் பகுதியினர். அவர்கள் விடியற்காலையில் ஜீப்புகளில் ஏறிச்சென்று மாலையில் ஊர் திரும்புகின்றனர்.

ஏலம் இஞ்சிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையையே தாயகமாகக் கொண்டது. ஏறத்தாழ 600 முதல் 1200 மீட்டர் வரையிலான உயரமும், மரநிழலும், இலைமக்கு நிறைந்த ஈரமண்ணும் இதற்கு ஏற்றவை. இச்செடியை இருவகையில் பெருக்கலாம். ஒன்று, தூரிலிருந்து பிரித்த பக்கக்கன்றை நடுதல். மற்றொன்று, விதையிட்டு நாற்று வளர்த்தல்.

விதைத்தேர்வு

நோயற்ற, மிகுதியாகக் காய்க்கும் தாய்ச்செடியிலிருந்து நன்கு முற்றிப் பழுத்த காய்களையே விதைக்கெனப் பறித்தல் வேண்டும். தோலை நீக்கி, விதைகளைத் தண்ணீரில் பிசைந்து கழுவினால் அவற்றைச் சூழ்ந்துள்ள வழவழப்பு அகலும். பின்னர்ச் சாம்பலுடன் கலந்து நிழலில் உலர்த்துவர். நாள்பட நாள்பட முளைப்புத்திறன் குன்றுமாதலால், விதைப்பதைத் தள்ளிப்போடலாகாது.

ஏலவிதையின் மேலுறை கடினமானது. நீர் உட்புகுவதை அது தடுப்பதால் முளைப்பு தாமதமாகிறது. இதனை நீக்க, 25 விழுக்காடு நைட்ரிக் அமிலக் கரைசலில் 10 நிமிடம் விதைகளை நனைத்து, உடனே ஓடும் நீரில் பலமுறை கழுவுவர். பயிற்சி பெற்றோர் உரிய பாதுகாப்புடன் செய்யவேண்டிய பணி இது.

பாத்தியும் பந்தலும்

ஒரு மீட்டர் அகலமும் ஏறத்தாழ 30 செ.மீ. உயரமும் உடைய மேட்டுப்பாத்தியில், செப்டம்பர் மாதத்தில் விதைப்பது நன்று. குளிர் மிகுந்தால் முளைப்பு மேலும் தாமதமாகும். விதைகளை ஒரு செ.மீ. ஆழத்திற்கு மிகாமல் வரிசையாக இட்டு, மெல்லிய மண்ணால் மூடி, அதன்மேல் வைக்கோல் பரப்பிப் பூவாளியால் நீர் தெளிப்பர்.

ஏறத்தாழ ஒரு மாதத்தில் முளைகள் தோன்றத் தொடங்கும். எல்லாம் ஒருசேர முளைப்பதில்லை. பின்வருவனவற்றிற்காகக் காத்திருத்தல் வேண்டும். முளை கண்டதும் வைக்கோலை அகற்றி, வெயில் தாக்காதவாறு பந்தலிடுவர். நீர் தேங்கினால் நாற்றழுகல் நோய் தோன்றிப் பாத்தியையே அழிக்கும். நான்கு இலைகள் விட்ட நாற்றுகளை இரண்டாம் நாற்றங்காலுக்கு மாற்றுவர். 18 முதல் 22 மாதம் வளர்ந்த நாற்றுகள் தென்மேற்குப் பருவமழையின்போது தோட்டத்தில் நடப்படுகின்றன. அதன்பின் காய்ப்பைக் காண மேலும் இரண்டு ஆண்டுகள் ஆகும்.

எது சிறந்தது?

இத்துணைக் காலம் காத்திருப்பதேன் என்னும் வினா இயல்பானது. பக்கக்கன்று விரைவில் காய்க்கும்; தாய்ச்செடியின் பண்புகளையும் மாறாமல் பெறும். இடுக்கி உழவர் ஒருவர் தேர்ந்தெடுத்த ‘ஞள்ளானி’ என்னும் உயர்விளைச்சல் வகை, பக்கக்கன்றுகள் வாயிலாகவே ஏலமலையெங்கும் பரவியது. ஆயினும், ஒரே செடியின் கன்றுகளால் மலை நிறைந்தால், ஒன்றைத் தாக்கும் கேடு அனைத்தையும் தாக்கக்கூடும். மேலும், ‘கட்டே’ எனப்படும் தேமல் நோய் கண்ட தூரிலிருந்து எடுக்கும் கன்று, அந்நோயையும் உடன்கொண்டு செல்லும். அசுவினிப் பூச்சியால் பரவும் அந்நச்சுயிரி விதைவழியே பரவுவதில்லை.

தேனீக்களால் அயல்மகரந்தச் சேர்க்கை நிகழ்வதால், விதைநாற்றுகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. தோட்ட உரிமையாளருக்கு இது குறையாகத் தோன்றலாம். ஆனால், வறட்சியைத் தாங்கும் செடியும், நோயை எதிர்க்கும் செடியும், இன்னொரு ‘ஞள்ளானி’யும் இவ்வேறுபாட்டிலிருந்தே கிடைத்தல் கூடும். 2024ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கியின் ஏலத்தோட்டங்கள் பல கருகின. அத்தகைய கோடைகள் மீண்டும் வரக்கூடிய நிலையில், கன்றின் விரைவுப் பயனோடு விதையின் வேறுபாட்டையும் காப்பது இன்றியமையாதது. தோட்டத்தின் ஒரு மூலையிலேனும் நாற்றங்கால் அமைத்தல் அதற்கு வழியாகும்.

தெரிந்து தெளிவோம்

‘ஏலம்’ என்பது மணப்பயிரின் பெயர். விலைகூறி விற்பதைக் குறிக்கும் ‘ஏலம்’ போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்த சொல். இரண்டும் ஒலியால் ஒன்று, பிறப்பால் வேறு. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் அமைந்துள்ள போடிநாயக்கனூரில் அவ்விரண்டும் சந்திக்கின்றன.