பறித்த பிறகும் முடியாத பழுத்தல்: பேரிக்காயும் அதன் சேமிப்பும்

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் விளையும் பேரிக்காயைக் கடித்தால் நறுக்கென்று இருக்க வேண்டும் என்பதே தமிழ்நாட்டு மக்களின் எதிர்பார்ப்பு. ஆனால் பார்ட்லெட், ஆன்ஜூ, பாஸ்க், கான்ஃபரன்ஸ் போன்ற ஐரோப்பிய வகைகள் வெண்ணெயைப் போலக் குழைந்து சாறு சொட்டும் நிலையில்தான் உண்ணத் தக்கவையாகின்றன. இந்தப் பக்குவத்தை அவை மரத்தில் அடைவதில்லை. ஐரோப்பியப் பேரிக்காய் உள்ளிருந்து வெளிநோக்கிப் பழுப்பதால், மரத்திலேயே விட்டுவைத்தால் தோல் இளகும் முன்பே நடுப்பகுதி பழுப்பு நிறமாகி அழுகத் தொடங்குகிறது. சதையும் மாவுத்தன்மை அடைகிறது. எனவே, முற்றியும் பழுக்காத நிலையில் காயாகவே அதைப் பறிக்கிறார்கள்.

பறிக்கும் நேரத்தைத் தீர்மானிக்க, 1925இல் அமெரிக்காவின் மேக்னஸும் டெய்லரும் விவரித்த அழுத்தமானி இன்றும் பயன்படுகிறது. தோலைச் சீவிய இடத்தில் சுமார் 8 மில்லிமீட்டர் தடிமனுள்ள உலோக முனையை அழுத்தி, அது சதைக்குள் இறங்கத் தேவைப்படும் விசையை அளக்கிறார்கள். பறிக்கும்போது ஏறக்குறைய 8 கிலோ விசையைத் தாங்கும் பார்ட்லெட் காய், பழுத்தபின் 2 கிலோவைக்கூடத் தாங்குவதில்லை. இந்த இரு நிலைகளுக்கும் இடையே பழம் கழிக்கும் வாரங்களும் மாதங்களுமே அதன் சுவையையும் மணத்தையும் நிர்ணயிக்கின்றன.

பறித்த பின்னும் காய் உயிர்ப்புடன் சுவாசிக்கிறது. ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, சேமித்த சர்க்கரையைச் செலவிட்டு, வெப்பத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் நீராவியையும் வெளியிடுகிறது. பழுத்தலைத் தூண்டும் எத்திலீன் வாயுவையும் அதுவே உண்டாக்குகிறது. பழங்கள் இந்த வாயுவை வெளியிடுகின்றன என்பதை 1934இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் கேன் வேதியியல் முறையில் நிறுவினார். குளிரில் வைத்தால் இந்த இயக்கங்கள் யாவும் மந்தமாகின்றன என்றாலும், ஆன்ஜூ வகை ஏறக்குறைய இரண்டு மாதக் குளிருக்குப் பிறகே தேவையான எத்திலீனைத் தானே உருவாக்கிச் சீராகப் பழுக்கும் திறனைப் பெறுகிறது. ஆகவே குளிர்பதனக் கிடங்கு காயைக் கெடாமல் காப்பதோடு அதைப் பழுக்கத் தகுதிப்படுத்தவும் செய்கிறது.

இவ்வகைகளுக்கு ஏற்ற வெப்பநிலை 0 டிகிரி செல்சியசுக்கும் மைனஸ் 1 டிகிரிக்கும் இடைப்பட்டது. சாற்றில் சர்க்கரை கரைந்திருப்பதால் அந்தக் குளிரில் காய் உறைவதில்லை. ஆனால் இன்னும் ஒரு டிகிரி இறங்கினாலே உறைந்து, சதை நீர் கோத்துக் கண்ணாடி போலாகிவிடும் அபாயம் உண்டு. காற்றில் ஈரப்பதமும் 90 முதல் 95 சதவீதம் இருக்க வேண்டும். குறைந்தால் காய் நீரிழந்து, காம்பை ஒட்டிய கழுத்துப் பகுதியிலிருந்து சுருங்கத் தொடங்கும்.

பொதியின் முக்கியத்துவம் இங்கேதான் வெளிப்படுகிறது. அட்டைப்பெட்டிக்குள் விரிக்கப்படும் பாலித்தீன் உறை நீரிழப்பைத் தடுக்கிறது. அதே உறை, குளிர்காற்று காயைத் தொடவிடாமல் தடுத்து உள்வெப்பம் தணிவதைத் தாமதப்படுத்துவதுடன், துளைகள் இல்லாவிட்டால் கார்பன் டை ஆக்சைடையும் தேக்கி, நடுப்பகுதி பழுப்பேறிச் சிதையக் காரணமாகிறது. துளையிட்ட உறையும் காற்றுத் துவாரமுள்ள பெட்டியும் இந்த முரண்பாட்டுக்குக் கண்டறியப்பட்ட தீர்வுகள். ஒவ்வொரு காயையும் தனித்தனியே சுற்றும் தாளுக்கும் திட்டமான பயன் உண்டு: எண்ணெய் பூசிய தாள், நீண்ட சேமிப்பில் தோல் கருகியதுபோல் நிறம் மாறும் கோளாறைக் குறைக்கிறது; செம்பு சேர்த்த தாள், அழுகிய ஒரு காயிலிருந்து சாம்பல்நிறப் பூஞ்சணம் அடுத்தடுத்த காய்களுக்குப் பரவாமல் தடுக்கிறது. லாரிப் பயணத்தில் காய்கள் ஒன்றோடொன்று உராய்ந்தால், தோலின் செல்கள் சிதைந்து அவற்றிலுள்ள ஃபீனால் சேர்மங்கள் காற்றுபட்டுக் கருத்துவிடும். குழித்தட்டுகளும், பழக்கடைகளில் ஆசிய வகைப் பேரிக்காய்களின் மீது காணப்படும் வெண்ணிற நுரைவலைகளும் அந்தச் சேதத்தைத் தவிர்க்கவே பயன்படுகின்றன.

மாதக்கணக்கில் சேமிக்க வேண்டுமெனில் கிடங்கின் காற்றையே மாற்றியமைக்கிறார்கள். கேம்பிரிட்ஜில் ஃபிராங்க்ளின் கிட்டும் சிரில் வெஸ்ட்டும் 1920களில் ஆய்ந்து உருவாக்கிய இம்முறையில், காற்றில் சுமார் 21 சதவீதமாக உள்ள ஆக்சிஜன், பேரிக்காயைப் பொறுத்தவரை 1 முதல் 3 சதவீதமாகக் குறைக்கப்படுகிறது. கான்ஃபரன்ஸ் வகை கார்பன் டை ஆக்சைடை எளிதில் தாங்காது என்பதால், பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அதைச் சில வாரங்கள் சாதாரணக் குளிரில் வைத்த பின்னரே ஆக்சிஜனைக் குறைக்கிறார்கள். எத்திலீனின் செயலைத் தடுக்கும் 1-எம்சிபி என்ற வாயுவும் பயன்பாட்டில் உள்ளது. அதன் அளவு மிகுந்தால் காய் பச்சையாகவும் கெட்டியாகவும் நின்று, பழுக்கும் திறனையே இழந்துவிடும்.

பழுத்தலைத் தள்ளிப்போடுவதும் பழுக்கும் ஆற்றலைக் காப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை இந்தக் கடைசிச் செய்தி உணர்த்துகிறது. சேமிப்பின் வெற்றியைக் கிடங்கில் கழிந்த மாதங்களைக் கொண்டு அளப்பது போதாது; வெளியே வந்த காய் வீட்டில் சில நாட்களில் நன்கு பழுக்கிறதா என்பதே சரியான அளவுகோல். குளிரிலிருந்து எடுத்த ஐரோப்பியப் பேரிக்காய் 18 முதல் 21 டிகிரியில் சிறப்பாகப் பழுக்கும். 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பம் பழுத்தலைக் கெடுக்குமாகையால், சமவெளியின் கோடைகாலத்தில் அதை வீட்டின் குளிர்ச்சியான இடத்தில் வைப்பது நல்லது. காம்பருகே விரலால் மெல்ல அழுத்தும்போது கழுத்துப் பகுதி சற்றே இளகினால் பழம் உண்ணத் தயார். நடுவயிறு இளகும்வரை காத்திருந்தால் உட்பகுதி அளவுக்கு மீறிக் கனிந்திருக்கும்.