ரெயிலுக்கும் மழைக்கும் ஆபீசுக்கும் ஏற்ற உடை

காலை மணி 8. மும்பை சயான் ரெயில் நிலையம். பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் கூட்டம் நெருக்கியடிக்கிறது. வண்டி நின்றதும் இறங்குகிறவர்கள் ஒரு பக்கம் தள்ளுகிறார்கள். ஏறுகிறவர்கள் மறு பக்கம் தள்ளுகிறார்கள். அரை நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. வீட்டில் மடிப்புக் கலையாமல் கட்டிய சேலை, தாதர் வருவதற்குள் கசங்கிப் போகிறது.

அதே பெண்தான் 10 மணிக்கு ஆபீசில் உட்கார்ந்து, அதிகாரியின் முன் பைலை நீட்ட வேண்டும்; வந்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

பெண்களுக்கென்றே ஒரு தனி மின்சார ரெயில் சர்ச்கேட்டுக்கும் போரிவிலிக்கும் இடையே 1992-ம் ஆண்டு மே 5-ந் தேதி முதன் முதலாக விடப்பட்டது. அதற்குப் பிறகு வண்டிகள் பெருகின. ஆனால் நெரிசல் தீரவில்லை. ஆகவே, மும்பையில் உத்தியோகம் பார்க்கும் பெண்ணின் உடைக்கு மூன்று பரீட்சைகள் உண்டு: ரெயில், மழை, ஆபீஸ். மூன்றிலும் தேறுவதே நல்ல உடை. விலை கூடிய உடைதான் தேறும் என்பதில்லை.

இரவல் பட்டு

முதல் நேர்முகத் தேர்வுக்குப் போகும் பெண்கள் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. அக்காவின் பட்டுச் சேலையை இரவல் வாங்கி உடுத்திக்கொண்டு கிளம்புவார்கள். ரெயிலில் வேர்த்துக் கொட்டும். பட்டு உடம்போடு ஒட்டும். ஜாக்கெட் அளவு பொருந்தாது. அதிகாரி கேள்வி கேட்கும்போது கை முந்தானையை இழுத்துவிட்டுக் கொண்டிருக்கும். பதில் தெரிந்தும் வாய் தடுமாறும். படிப்பில் குறை இல்லை. உடையால் வந்த சங்கடம்.

துவைத்து இஸ்திரி போட்ட, அளவாகத் தைத்த பருத்தி உடை போதும். அதையும் முன்பே இரண்டு முறை உடுத்தி, நடந்து, உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும்.

சேலையா, சுடிதாரா?

இரண்டும் தகும். மராட்டிய மாநில அரசு தன் ஊழியர்களுக்கு 2020-ம் ஆண்டு டிசம்பரில் உடை பற்றி ஓர் உத்தரவு போட்டது. பெண்கள் சேலை, சுடிதார், பேண்ட்-சட்டை ஆகியவற்றில் எதையும் அணியலாம் என்றும், வெள்ளிக்கிழமைகளில் கதர் உடுத்தலாம் என்றும் அது கூறியது. ஜீன்சுக்கும் டீ-சர்ட்டுக்கும் தடை விதித்தது. 2021-ல் ஜீன்ஸ் தடை மட்டும் நீக்கப்பட்டது. ஆகவே, "சேலை கட்டினால்தான் மரியாதை" என்று வீட்டுப் பெரியவர்கள் வற்புறுத்த வேண்டியதில்லை.

சேலை கட்டுகிறவர்கள் கொசுவத்துக்கு ஓர் ஊக்கும் தோளில் ஓர் ஊக்கும் குத்திக்கொள்ள வேண்டும். முந்தானையைத் தொங்கவிடாமல் இழுத்துச் செருகிக்கொள்வது நல்லது. சுடிதார் அணிகிறவர்கள் துப்பட்டாவின் இரு முனைகளையும் முடிந்துகொள்ள வேண்டும். படிக்கட்டிலும் ஸ்கூட்டர் சக்கரத்திலும் துணி சிக்கினால் உயிருக்கே ஆபத்து. இதில் அழகைவிடப் பத்திரம் முக்கியம்.

துணி பார்த்து வாங்குவது

பருத்தி வேர்வையை உறிஞ்சும். ஆனால் கசங்கும், காயத் தாமதமாகும். பாலியஸ்டர் கசங்காது, சீக்கிரம் காயும். ஆனால் வேர்வையை உறிஞ்சாது, நாற்றம் பிடிக்கும். இரண்டும் கலந்த துணி மும்பைக்குத் தோதானது. மதுரை சுங்குடி மெல்லியது. ஏப்ரல், மே வெயிலுக்கு ஏற்றது. அதன் சாயம் முதல் சலவையில் போகும் என்பதால் தனியாக அலச வேண்டும். செட்டிநாட்டுக் கண்டாங்கி கனமானது, நன்றாக உழைக்கும். அதற்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது.

கடையில் துணியின் ஓரத்தைக் கைக்குள் கசக்கிப் பிடித்து விட்டுப் பார்க்கலாம். கசங்கல் அப்படியே நின்றால் ரெயிலிலும் அப்படியே நிற்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தும் பார்க்க வேண்டும். தாதர் ஹிந்த்மாதா கடைகளில் சுடிதார் துணி மலிவாகக் கிடைக்கிறது என்றாலும் இந்தச் சோதனையை விடக் கூடாது.

தையல்காரரிடம்

பருத்தித் துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்ட பிறகே தைக்கக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தைத்த பிறகு சுருங்கும். அளவு கொடுக்கும்போது கையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ரெயிலில் கைப்பிடியைப் பிடிக்கையில் ஜாக்கெட் மேலே ஏறக் கூடாது, அக்குளில் இறுக்கவும் கூடாது. சுடிதாரின் பக்கவாட்டில் ஒரு பை வைத்துத் தைக்கச் சொன்னால் ரெயில் பாஸ் அதில் பத்திரமாக இருக்கும்.

மழை மாதங்கள்

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. 2005-ம் ஆண்டு ஜூலை 26-ந் தேதி சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லி மீட்டர் பெய்ததை மும்பைவாசிகள் மறக்கவில்லை. சாதாரண மழைக்கே சயானிலும் ஹிந்த்மாதாவிலும் முழங்கால் தண்ணீர் நிற்பதுண்டு.

இந்த மாதங்களில் சேலைக்குக் கஞ்சி போடுவதைத் தவிர்க்கலாம். புழுங்கல் நாற்றம் வரும். இடுப்புக்குக் கீழே அடர்ந்த நிறம் இருந்தால் சேற்றுக் கறை தெரியாது. நனைந்தாலும் கெடாத ரப்பர் செருப்பில் போய், ஆபீஸ் மேசை இழுப்பறையில் வைத்திருக்கும் நல்ல செருப்பை மாட்டிக்கொள்ளலாம். ஒரு சிறிய துண்டும் அங்கேயே இருக்கட்டும்.

சம்பளத்துக்குள்

ஒரு கறுப்புக் கால்சட்டை, ஒரு சந்தன நிறக் கால்சட்டை. இரண்டோடும் சேரும் மேலாடை ஐந்து. கணக்குப் பார்த்தால் 10 ஜோடி! தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என்று சேர்த்தாலும் சீக்கிரம் சேர்ந்துவிடும். வாசலுக்கு வரும் தவணைச் சேலைக்கு ஆசைப்பட்டுக் கடன்படத் தேவையில்லை.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை

சால் வீடுகளில் விடியற்காலையில் குழாயில் தண்ணீர் பிடித்து, சமைத்து, எல்லோருக்கும் டிபன் கட்டிய பிறகு பெண்ணுக்கு உடுத்த மிஞ்சுவது 10 நிமிடம். மறுநாளைக்கு வேண்டிய துணியை இரவே எடுத்து வைத்தால்தான் இது நடக்கும். தன் சட்டைக்கு இஸ்திரி போடும் கணவரோ அண்ணனோ, அந்தச் சூட்டோடு அவளுடைய துணியையும் தேய்த்து வைக்கலாமே! குறைந்து போவது ஒன்றும் இல்லை.

மாலையில் வீடு திரும்பும் பெண், "இன்று என் உடையைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை" என்று சொன்னால், அந்த உடை சரியாக அமைந்துவிட்டது என்று பொருள்.