மேடையில் பத்து விநாடி

"இரண்டு பாஸ்தானாம்மா" என்று ஹாஸ்டலிலிருந்து மகள் போனில் சொன்னதும், வீட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. போக வேண்டியவர்கள் நான், என் கணவர், மாமியார் என்று மூன்று பேர். மாட்டுப்பாலை சொசைட்டிக்கு ஊற்றி, மூன்று வருஷமும் பேத்தியின் மெஸ் பில்லைக் கட்டியவர் மாமியார்தான். "நீயும் அம்மாவும் உள்ளே போங்க. நான் வெளியே நின்னுக்கிடுதேன்" என்று இவர் முடித்துவிட்டார்.

இது 2023 மார்ச்சில். சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வெள்ளி இரவு பஸ் ஏறி, சனிக்கிழமை விடியலில் கோவையில் இறங்கினோம். அன்று பிள்ளைகளுக்கு ஒத்திகை. எந்தக் கையால் உறையை வாங்குவது, எந்தப் பக்கம் இறங்குவது என்பதற்கெல்லாம் ஒத்திகை! குளிர்நாட்டில் பிறந்த அந்தக் கறுப்பு அங்கியை, அதுவும் வாடகைக்கு எடுத்து, மார்ச் வெயிலில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வேர்த்து வழிந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குள் அரங்கத்தில் உட்கார வேண்டுமாம். தின்பண்டம், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். அத்தைக்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதி. காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். பரபரப்பில் ஒன்றரை இட்லிதான் இறங்கியது. நானும் வற்புறுத்தவில்லை. என் தப்பு அங்கேதான் ஆரம்பம்.

சிறப்பு விருந்தினர் வந்தபோது மணி பதினொன்றரை. பேச்சும் நீண்டது. நம் நாட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கிய பெண்கள் காதம்பினியும் சந்திரமுகி பாசுவும்; கல்கத்தாவில், 1883-ல். அன்று அவர்கள் வீட்டாரை எத்தனை மணி நேரம் காக்க வைத்தார்களோ!

பன்னிரண்டரைக்கு மகளின் வகுப்பை அழைத்தார்கள். அப்போது அத்தை என் கையைப் பிடித்தார். அவர் கை ஜில்லென்று நனைந்திருந்தது. "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது.

மகளுக்கு முன்னால் இருபது பேர் இருக்கலாம். ஐந்தே நிமிஷம் பொறுத்தால் பார்த்துவிடலாம். பொய் சொல்வானேன், ஒரு நிமிஷம் உட்கார்ந்தும் இருந்தேன். பிறகு அத்தையைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். வாசலில் நின்ற மாணவி ஒருத்தி ஓடிப்போய்க் கேன்டீனிலிருந்து சர்க்கரை கொண்டுவந்தாள்.

இன்சுலினோ, சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்கள் நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிவிடலாம். வேர்வை, நடுக்கம், படபடப்பு, சம்பந்தமில்லாத பேச்சு எல்லாம் அதற்கு அடையாளம். நினைவு இருந்து விழுங்க முடிந்தால் 15 கிராம், அதாவது மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிஷத்தில் தெளியாவிட்டால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். வாசலில் விஷயத்தைச் சொல்லிக் கேட்டிருந்தால் ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தை விட்டிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

அத்தை தம்ளரைக் குடித்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் மகளின் பெயர். கைதட்டல். பத்து விநாடி, அவ்வளவுதான். வெளியே பந்தலில் பெரிய திரை வைத்திருந்தார்களாம். மூன்று பேரில் மகளை மேடையில் பார்த்தவர் பாஸ் இல்லாத இவர்தான்!

"பிள்ளை பேரைக் கூப்பிட்டாச்சா?" என்றார் அத்தை, தெளிந்ததும்.

"இன்னும் இல்லை அத்தை" என்றேன்.

விழா முடிந்து மகள் ஓடி வந்தாள். மேடையிலிருந்து எங்கள் இரண்டு நாற்காலியும் காலியாகத் தெரிந்ததாம். அழுதிருக்கிறாள். அத்தை அவளிடமிருந்து உறையை வாங்கித் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை! அங்கியைத் திருப்பிக் கொடுத்தால்தான் கவுன்ட்டரில் நிஜச் சான்றிதழாம்.

"இன்னும் குடுக்கலைல்லா! வாங்க ஆச்சி, நீங்களே வாங்குங்க" என்றாள் மகள்.

வரிசையில் ஒரு மணி நேரம் ஆயிற்று. இந்தத் தடவை அத்தைக்கு நாற்காலி போட்டு, தயிர்சாதப் பொட்டலத்தைப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டேன். முறை வந்ததும் மகள் கையெழுத்துப் போட்டாள். அத்தை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு சான்றிதழை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல நம்ம ஊர் பேரு போடலையே?" என்றார்.