முத்துக் கரையில் ஒரு பழைய உலோகம் காட்டும் கருவி

பரணிலோ பழைய பொருள் கடையிலோ உலோகம் காட்டும் பழைய கருவி ஒன்று உங்களுக்குக் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நீண்ட குழல், அதன் அடியில் வட்டமான தட்டு, மேலே சிறு பெட்டி, காதில் மாட்ட ஒரு காதொலிப்பான். தூத்துக்குடிப் பக்கத்தவராக இருந்தால் உங்கள் மனம் உடனே எங்கே ஓடும்? கொற்கைக்கும் காயலுக்கும் கடற்கரைக்கும்தான். பாண்டியர் துறைமுகமும் டச்சுக்காரர் வாணிகமும் இருந்த மண்ணில் ஒரு காசாவது அகப்படாதா?

ஆசையில் தவறில்லை. ஆனால் முதலில் ஓர் உண்மையைத் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கருவிக்குப் பொன் எது, ஆணி எது என்று தெரியாது. தன் கம்பிச்சுருளுக்கு அருகே ஏதோ மாறியிருக்கிறது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். அந்த மாற்றத்தைப் படிக்க வேண்டியவர் நீங்கள்.

விம்மல் பேசும் மொழி

தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பதைக் கேட்டிருப்பீர்கள். இரு தந்திகளும் ஏறக்குறைய ஒத்துவரும்போது ஒலி எழுந்தும் தாழ்ந்தும் அலைபோல் வரும். பள்ளி இயற்பியலில் இதற்கு விம்மல்கள் என்று பெயர். பழைய கருவிகள் பல இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகின்றன.

பெட்டிக்குள் இரண்டு மின் அலையியற்றிகள் உள்ளன. ஒன்று மாறாத அதிர்வெண் உடையது. அது 1,00,000 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். மற்றொன்று அடித்தட்டிலுள்ள சுருளைச் சார்ந்தது. அதை 1,00,400-இல் வைப்போம். இரண்டையும் நம் செவி கேளாது. ஆனால் அவற்றைக் கலந்தால் கிடைக்கும் வேறுபாடான 400 ஹெர்ட்ஸ் நன்றாகக் கேட்கும்.

செம்புத் துண்டு ஒன்றைச் சுருளின் கீழ் கொண்டுவாருங்கள். செம்பில் சுழல் மின்னோட்டம் தூண்டப்படும். லென்ஸ் விதிப்படி அது சுருளின் காந்தப்புலத்தை எதிர்க்கும். சுருளின் தன் மின்தூண்டல் எண் குறையும், அதிர்வெண் ஏறும். மின்தூண்டல் எண்ணில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைந்தால் போதும், அதிர்வெண் ஏறக்குறைய 50 ஹெர்ட்ஸ் கூடி, ஒலி 400-லிருந்து 450 ஆகும். காந்தத் தன்மையுள்ள இரும்பு மணல் இதற்கு நேர்மாறு: தூண்டல் எண் கூடும், ஒலி 350-க்கு இறங்கும். ஆனால் அகலமான இரும்புத் தகடு சுழல் மின்னோட்டத்தால் செம்பைப்போலவே ஒலித்து ஏமாற்றவும் கூடும்.

முதல் வாரம் வீட்டு முற்றத்தில்

பழைய கருவியைக் கையில் எடுத்ததும் கடற்கரைக்கு ஓடாதீர்கள். மின்கலப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மின்கலம் கசிந்து பச்சை பூத்திருந்தால் ஈரத் துணியால் துடைத்து, உலர்ந்தபின் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துத் துலக்குங்கள். புதிய மின்கலம் இட்டபின் பத்து நிமிடம் கருவியைச் சும்மா ஓட விடுங்கள். வெப்பம் மாறினால் பழைய அலையியற்றியின் அதிர்வெண் நழுவும். ஆகவே நிழலிலிருந்து வெயிலுக்கு வந்தால் மீண்டும் சுருதி சேர்க்க வேண்டியிருக்கும்.

திருகியை மெல்லத் திருப்பி, ஒலி 'டக் டக்' என்று நிதானமாகக் கேட்கும் நிலையில் நிறுத்துங்கள். காரணம் எளிது. 400 ஹெர்ட்ஸில் 2 ஹெர்ட்ஸ் மாறினால் நம் காதுக்கு அது தெரிவது அரிது. வினாடிக்குப் பத்துத் தட்டல் பன்னிரண்டானால் எவருக்கும் தெரியும்.

இனி ஒரு மரப்பெட்டியில் ஆற்று மணலை நிரப்பி, இரண்டு, நான்கு, ஆறு அங்குல ஆழங்களில் செம்புத் துண்டுகளைப் புதையுங்கள். தட்டை ஒரே உயரத்தில், தரைக்கு இணையாக, மெதுவாக வீசிப் பாருங்கள். நான்கு அங்குலத்திலேயே கருவி சோர்ந்துபோகலாம். சற்று விலகிய சிறு பொருளைச் சென்றடையும் காந்தப்புலம் தொலைவின் மூன்றாம் அடுக்கில் குறைகிறது. திரும்பி வரும் விளைவும் அப்படியே. எனவே தொலைவு இரட்டித்தால் அடையாளம் அறுபத்து நான்கில் ஒன்றாகிவிடும். பத்தடி ஆழத்துப் பொற்குடத்தை இக்கருவி காட்டும் என்று எவரேனும் சொன்னால் நம்பாதீர்கள்.

கடல் செய்யும் குறும்பு

ஒரு முறை நான் சில மாணவர்களுடன் இத்தகைய கருவியைக் கடற்கரைக்கு எடுத்துச் சென்றேன். உலர்ந்த மணலில் அமைதியாக இருந்தது. அலை நனைத்த மணலில் இறங்கியதும் ஓயாமல் கூவத் தொடங்கிற்று. மாணவர்கள் ஆர்வத்துடன் நான்கு இடங்களில் தோண்டினார்கள். தண்ணீர்தான் ஊறியது!

கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். செம்பைவிட அதன் கடத்துதிறன் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு குறைவுதான். ஆனால் காசு ஓர் அங்குலம். உப்பு ஊறிய மணலோ தட்டின் கீழ் முழுதும் பரந்து கிடக்கிறது. அதனால் அது உலோகம்போல் நடிக்கிறது. பின்னாளில் வந்த துடிப்பு வகைக் கருவிகள், புலத்தைச் சட்டென நிறுத்தியபின் சிறிது பொறுத்து அளக்கின்றன. அதற்குள் உப்புநீரின் மின்னோட்டம் மடிந்துவிடும். உலோகத்தில் அது இன்னும் எஞ்சியிருக்கும். உங்கள் பழைய கருவிக்கு அந்தப் பொறுமை கிடையாது. உலர்ந்த மணலோடு நின்றுகொள்ளுங்கள்.

திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணலிலும் எச்சரிக்கை தேவை. அந்தச் செந்நிறம் இரும்பு ஆக்சைடால் வந்தது. மணலில் ஒரு காந்தத்தை உருட்டினால் கரிய துகள்கள் ஒட்டுவதைக் காணலாம். அவை ஒலியைக் கீழே இழுக்கும்.

முத்தோ அறவே பேசாது. 1961-இல் இக்கரையில் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்போடு ஒரு நீண்ட மரபு நின்றுபோயிற்று. முத்தும் சங்கும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதில் ஓடித் திரியும் எலெக்ட்ரான்கள் இல்லை. ஆகவே சுழல் மின்னோட்டமும் இல்லை. இந்தக் கரையின் பெரும் செல்வத்துக்கு இக்கருவி செவிடு.

எங்கே தோண்டக்கூடாது

அன்று ஒரு மாணவன் கேட்டான்: "சார், கொற்கைக்கே போய்ப் பார்த்தால் என்ன?" நியாயமான கேள்வி. தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டலால் கடல் விலகி, கொற்கை இன்று உள்நாட்டுச் சிற்றூராகிவிட்டது. 1968-69-இல் தமிழக அரசின் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தது. மண் அடுக்கடுக்காக நீக்கப்பட்டு, எந்த அடுக்கில் எது கிடந்தது என்று குறிக்கப்பட்டது. அடுக்கில் கிடைத்த கரியைக் கொண்டு காலம் கணிக்கலாம். அதே அடுக்கில் கிடந்த பானை ஓட்டுக்கும் காசுக்கும் அக்காலம் பொருந்தும்.

நாம் கருவியின் கூவலைக் கேட்டு ஒரு குழி பறித்து அந்தக் காசை எடுத்துவிட்டால்? காசு கையில் இருக்கும். அதன் காலமும் அயலும் அழிந்திருக்கும். மீண்டும் அதை அங்கே வைக்க எவராலும் முடியாது.

சட்டமும் இதைக் காக்கிறது. 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம், மண்ணில் மறைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. ஆதிச்சநல்லூர் போன்ற பாதுகாக்கப்பட்ட இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். துறைமுக எல்லைக்குள்ளும் கருவியுடன் நுழையாதீர்கள்.

அப்படியானால் இக்கருவியால் என்ன பயன்? வீட்டுக் கொல்லையில் தொலைந்த சாவியைத் தேடலாம். உப்பு நீரையும் தேரி மணலையும் செம்பையும் இரும்பையும் பெட்டியில் மாற்றி மாற்றி வைத்து, ஒவ்வொன்றுக்கும் விம்மல் எப்படி மாறுகிறது என்று ஒரு குறிப்பேட்டில் அட்டவணை இடலாம். நான்கு குழி வெட்டிய என் மாணவர்கள் மறுவாரம் செய்தது அதைத்தான். தண்ணீர் ஏன் கூவியது என்று அப்போது அவர்களே எனக்குச் சொன்னார்கள்.