அப்பாவுக்கு ஹெர்னியா: ஓப்பனா, லேப்ராஸ்கோப்பியா? 65,000 ரூபாய் வித்தியாசத்தின் கணக்கு

போன மாசம் ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு ஒரு தம்பி வாட்ஸ்அப்ல ரெண்டு எஸ்டிமேட் போட்டோ அனுப்பினார். சொந்த ஊர் ஜவ்வாது மலையில ஜமுனாமரத்தூர் பக்கம். வேலை ஒரகடத்துல. அப்பாவுக்கு 55 வயசு, சாமை விவசாயம். ஒரு வருஷமா தொடை இடுக்குல ஒரு வீக்கம். மூட்டை தூக்கினா வெளியே வரும், படுத்தா உள்ளே போயிடும். குடலிறக்கம், அதாவது ஹெர்னியா.

ஓப்பன் சர்ஜரிக்கு 55,000 ரூபாய், லேப்ராஸ்கோப்பிக்கு 1,20,000. "அண்ணா, எதுக்குப் போறது? அடுத்த மாசம் நான் வேற கம்பெனிக்கு மாறுறேன்."

பெரிய விஷயம் அந்தக் கடைசி வரியிலதான் இருக்கு. முதல்ல ஆபரேஷனைப் பார்ப்போம். நான் டாக்டர் இல்ல, ஆனா ரெண்டு எஸ்டிமேட்டை எப்படிப் படிக்கணும்னு தெரியும்.

ஓப்பன்ல வீக்கம் இருக்கற பக்கம் சில அங்குலம் கீறி, பலவீனமான இடத்துல மெஷ்னு சொல்ற வலையை வெச்சுத் தைப்பாங்க. முதுகுல ஊசி போட்டோ, அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வெச்சோ செய்யலாம். லேப்ராஸ்கோப்பியில மூணு சின்ன துளை, உள்ளே கேமரா. அதே மாதிரி வலையை உள்பக்கமா வைப்பாங்க. பெரும்பாலும் முழு மயக்கம் வேணும். வலைன்னதும் ஒரு விஷயம் சொல்லணும். மகாராஷ்டிராவுல தொண்டைச்சாங்கற ஊர்ல டாக்டர் ரவீந்திரநாத் டோங்காவ்ங்கர், கொசுவலைத் துணியைச் சுத்திகரிச்சு மெஷ்ஷா வெச்சார். உகாண்டாவுல அந்த மாதிரி வலையை கம்பெனி மெஷ்ஷோட ஒப்பிட்டு 2016-ல ஆய்வு வந்துச்சு. ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா பலன்ல பெரிய வித்தியாசம் இல்ல! அதனால எஸ்டிமேட்ல "இம்ப்போர்ட்டட் மெஷ்"னு ஒரு வரி இருந்தா, ஏன்னு கேளுங்க.

அப்போ கூடுதல் 65,000-க்கு என்ன கிடைக்குது? வலி கொஞ்சம் கம்மி. 41 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2003-ம் வருஷ காக்ரேன் தொகுப்புப்படி, வழக்கமான வேலைக்கு ஏறக்குறைய 7 நாள் சீக்கிரம் திரும்பலாம். மாசச் சம்பளம் வாங்கற நமக்கு மெடிக்கல் லீவ் இருந்தா அந்த 7 நாளோட விலை பூஜ்யம். அப்பாவுக்கு? நாளுக்கு 500 ரூபாய்னு வெச்சாலும் 3,500தான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. அமெரிக்காவுல 2004-ல வெளியான பெரிய ஆய்வுல, ரெண்டு வருஷத்துல ஹெர்னியா திரும்பி வந்தது ஓப்பன்ல 4.9%, லேப்ராஸ்கோப்பியில 10.1%. ஆனா 250-க்கு மேல லேப்ராஸ்கோப்பி செஞ்ச டாக்டர்கள்கிட்ட அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைஞ்சிடுச்சு. அதனால "எத்தனை துளை"ன்னு கேட்காம "நீங்க இதுவரை எத்தனை பண்ணியிருக்கீங்க டாக்டர்?"னு கேட்கச் சொன்னேன்.

அடுத்தது பாலிசி. தம்பியோட கம்பெனி குரூப் பாலிசி 3 லட்சம், அப்பா அம்மாவும் உள்ளே. பெற்றோர் கிளெய்முக்கு 20% கோ-பே. அப்போ கையிலருந்து ஓப்பனுக்கு 11,000, லேப்ராஸ்கோப்பிக்கு 24,000. 65,000 வித்தியாசம் 13,000-மா சுருங்கிடுச்சு பாருங்க.

ஆனா ரூம்ல மாட்டிக்காதீங்க. இந்தப் பாலிசியில ரூம் வாடகை லிமிட் நாளுக்கு 3,000. "அப்பா வசதியா இருக்கட்டும்"னு 4,500 ரூபாய் ரூம் எடுக்க நினைச்சிருந்தார். எடுத்தா மருந்து, மெஷ், டெஸ்ட் தவிர மத்த எல்லாத்துலயும் மூணுல ரெண்டு பங்குதான் கிடைக்கும். 1,20,000-ல அந்த "மத்ததெல்லாம்" 75,000-னு வெச்சுக்குவோம். 25,000 நம்ம தலையில. மீதி 95,000-க்கு கோ-பே 19,000. மொத்தம் 44,000! எந்த ஆபரேஷன்ங்கறதைவிட எந்த ரூம்ங்கறது பெரிய செலவு.

இப்போ வேலை மாற்றம். புது கம்பெனி பாலிசியில பெற்றோர் கிடையாது. கடைசி வேலை நாளோட பழைய குரூப் கவரும் போயிடும். அதுக்கப்புறம் அப்பாவுக்குத் தனியா பாலிசி எடுத்தாலும், பெரும்பாலான பாலிசிகள்ல ஹெர்னியாவுக்கு 24 மாசம் காத்திருக்கணும். ஏற்கனவே இருக்கற நோய்னு சேர்ந்தா 36 மாசம் வரைக்கும் போகலாம்.

"வலி இல்லையே, தள்ளிப் போடலாமே"ன்னு அப்பா சொன்னாராம். அது முட்டாள்தனம் இல்ல. 2006-ல வந்த ஒரு ஆய்வுல, தொந்தரவு கம்மியா இருந்த ஆண்கள்ல திடீர்னு குடல் மாட்டிக்கிட்டது வருஷத்துக்கு ஆயிரத்துக்கு 2 பேருக்கும் கம்மி. ஆனா அப்படி மாட்டினா, வீக்கம் கல்லு மாதிரி ஆகி, உள்ளே போகாம, வாந்தி வந்தா, உடனே ஆஸ்பத்திரி போகணும். நடுராத்திரி மலை வளைவுல இறங்கிப் போளூர் போறதை யோசிச்சுப் பாருங்க.

பாலிசியே இல்லாம இருந்திருந்தா, திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் ஓப்பன் பண்ணிக்கோங்கன்னு தயங்காம சொல்லியிருப்பேன். இந்தக் கேஸ்லயும் ஓப்பன்தான் என் கணக்கு. ஆனா ரெண்டாவது டாக்டர் பரிசோதிச்சப்போ இடது பக்கமும் ஆரம்பிச்சிருந்தது தெரிஞ்சுது. ரெண்டு பக்கம்னா ஓப்பன்ல ரெண்டு கீறல், லேப்ராஸ்கோப்பியில அதே மூணு துளை. கணக்கு மாறிடுச்சு.

தம்பி ரிலீவிங் தேதியை மூணு வாரம் தள்ளி வாங்கினார். அப்பா 3,000 ரூபாய் ரூம்லதான் இருந்தார். டிஸ்சார்ஜ் ஆன மறுநாளே சாமை நிலத்தைப் பார்க்கப் போறேன்னு அடம் பிடிச்சாராம்.