வேரில் பிறக்கும் அமைதி

பண்டாரவளையிலிருந்து வாசகர் ஒருவர், கடல் கடந்து வாழும் தம் மருமகன் அனுப்பிய மாத்திரைக் குப்பியின் மேல் எழுதியிருந்த ‘தியனைன்’ என்னும் வஸ்து தேயிலையில் உள்ளது என்பது மெய்தானா, மெய்யெனில் தேயிலைக்குள்ளேயே ஆயுளைக் கழித்த தம்மைப் போன்றோர் அதனை ஏன் காசு கொடுத்து விழுங்கவேண்டும் என்று வினவி எழுதியிருக்கிறார்.

மெய்தான். 1949ஆம் ஆண்டில் யப்பானிய ரசாயனியான சகாதோ யாஜிரோ, கியோகுரோ என்னும் உயர்தரப் பச்சைத் தேயிலையில் இதனைக் கண்டறிந்தார். நம் உடலின் புரதங்களைக் கட்டும் அமினோ அமிலங்களுள் இது ஒன்றன்று. குளுட்டமிக் அமிலத்தின் சாயலை உடையதாய், எதைல் அமீனைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு, எந்தப் புரதத்திலும் சேராமல் இலைச் சாற்றில் தனித்தே உலவும் ஜாதி. உலர்ந்த தேயிலையின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இதுவே. பச்சைத் தேநீரில் நாவில் தங்கும் மெல்லிய இனிமைக்கும் இதுவே பெருங்காரணம்.

இதில் என்னை நெடுநாளாகக் கவர்ந்த விசித்திரம் ஒன்றுண்டு. கொழுந்தில் நிறைந்திருக்கும் இப்பொருளைப் பெரும்பாலும் கொழுந்து செய்வதில்லை, வேர் செய்கிறது. மண்ணிலுள்ள அமோனியத்தை உறிஞ்சிக் குளுட்டமிக் அமிலமாக்கி, அதனோடு எதைல் அமீனைச் சேர்த்துத் தியனைனாகச் சமைத்து, தண்டின் வழியே துளிர்களுக்கு மேலேற்றுகிறது. விடுதியில் தங்கிப் படித்த காலத்தில், என் தாயார் ஊரிலிருந்து கட்டியனுப்பும் அரிசியை நான் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய் வேறு சாமான்களாக மாற்றிக்கொள்வதுண்டு. வெயிலில் நிற்கும் இலையும் அவ்வாறே, வந்த தியனைனைப் பிளந்து, அதன் எதைல் அமீனைக் கொண்டு துவர்ப்புத் தரும் கட்டிச்சின்களை ஆக்கிக்கொள்கிறது. கதிரியக்கக் காபனை அடையாளமாக வைத்து யப்பானிய ஆய்வாளர்கள் இந்த மாற்றத்தைத் தொடர்ந்து கண்டார்கள். கியோகுரோச் செடிகளுக்குப் பறிப்புக்கு முன் ஏறத்தாழ மூன்று வாரம் பந்தலிட்டு நிழல் செய்வதன் இரகசியமும் இதுவே: நிழலில் தியனைன் அழியாது தங்கிவிடுகிறது.

ஆடி ஆவணியில் கச்சான் காற்று வீசுகையில் வாசகரின் ஊர்ப்பக்கத்து ஊவாக் கொழுந்துக்கு ஏறும் அந்தக் குளிர்ந்த நறுமணத்துக்கும் தியனைனுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்; அது பெரும்பாலும் மெதைல் சாலிசிலேட்டின் வேலை.

மாத்திரை விஷயத்துக்கு வருவோம். தியனைன் மூளையினுள் புகும். விழிப்போடு கூடிய ஓய்வைக் குறிக்கும் ஆல்ஃபா அலைகளைக் கூட்டுவதாகச் சில பரிசோதனைகள் காட்டியுள்ளன. ஆயினும் மன அழுத்தம் தணியும், அறிவு கூர்மையாகும் என்னும் விளம்பர வாக்குகளுக்குப் போதிய நிரூபணம் இல்லையென்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் தீர்ப்பளித்தது. ஒரு கோப்பைத் தேத்தண்ணியில் ஏறத்தாழ 20 மில்லிகிராம் தியனைன் உண்டு. குப்பியிலோ ஒரே மாத்திரையில் 200 மில்லிகிராம் அடைத்து விற்கிறார்கள். வாசகர் தம் தேத்தண்ணியோடு திருப்தியடையலாம் என்பதே என் அபிப்பிராயம்.

எனக்கு வேறொரு கவலை. வேர் தியனைனைச் சமைக்க மண்ணில் நைதரசன் வேண்டும். 2021இல் இலங்கை அரசினர் இரசாயன உரத்தை ஒரே ஆணையில் தடைசெய்து, அவ்வாண்டு முடியுமுன்னரே அத்தடையை நீக்கினார்கள். இலையை நிறுக்கத் தெரிந்த நாம் வேரை நினைக்கப் பழகவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ? காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்த்து, தழையால் நிலத்தைப் போர்த்தி, வெயிலையும் சற்றே மறைக்கும் முள்முருங்கையை, சரிவுகளில் மண் ஓடிக் கல் தெரியும் மலைகளிலாவது மீண்டும் வைக்கும்படி தோட்டத்துத் துரைமாரை வேண்டிக்கொள்கிறேன். அதற்கு நாற்று மேடையும் வேண்டாம், பெருஞ்செலவும் வேண்டாம். ஐப்பசி மழையில் முற்றிய கம்பொன்றை நட்டாலே வேர் பிடித்துவிடும்.