சவுக்கு வெட்டும் மறுநடவும்

சவுக்குத் தோப்பை வெட்டும் நாளே அச்சாகுபடியின் கடைசி நாள் என்று குடியானவர்களிற் பலர் எண்ணுகிறார்கள். மரம் வண்டியேறி, பணம் கைக்கு வந்தபின், அடுத்து என்ன செய்வதென்று ஆற அமர யோசிக்கலாம் என்பது அவர்கள் வழக்கம். இவ்வழக்கத்தினால் விளையும் நஷ்டம் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆகையால் அதை ஒருவரும் கணக்கில் எழுதுவதுமில்லை. வெட்டும் நாளை நிச்சயிக்க வேண்டியது வியாபாரியின் சௌகரியமன்று. மறுபடி நடும் நாளே அதை நிச்சயிக்க வேண்டும். இதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய படிப்பினை

வெட்டுவது எளிது, திரும்ப வளர்ப்பது அரிது என்பதை நம் நாடு மிகுந்த விலை கொடுத்தே கற்றது. மலையாளக் கரையின் தேக்குக் காடுகள் கப்பல் கட்டும் தேவைக்காகப் பல ஆண்டுகள் வெட்டப்பட்டு வந்தன. வெட்டியவர் எவரும் நடவில்லை. மரம் அருகிப்போனதைக் கண்ட மலபார் கலெக்டர் கனோலி என்பவர், 1840-களில் நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைக்க முற்பட்டார். முதலில் இட்ட விதைகள் சரிவர முளைக்கவில்லை. பல சோதனைகளுக்குப் பின், சாத்து மேனன் என்னும் அதிகாரியின் விடாமுயற்சியால் நாற்று வளர்க்கும் முறை கைகூடியது. 1846-ம் வருஷத்தில் நடப்பட்ட மரங்களில் ஒரு பகுதி கனோலித் தோட்டம் என்ற பெயரில் இன்றும் அங்கே நிற்கிறது. கோடரி எடுத்தவர் கையில் நாற்று இல்லாமற் போனதால் நேர்ந்த குறையை நீக்க எத்தனை பாடுபட வேண்டியிருந்தது என்பதற்கு அத்தோட்டமே சாட்சியாகும்.

சோழமண்டலக் கரையிலும் இவ்வாறே நேர்ந்தது. 1856-ம் வருஷத்தில் ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் ரயில் ஓடத் தொடங்கியது. அக்காலத்து எஞ்சின்கள் விறகை எரித்தே ஓடின. அருகிலிருந்த புதர்க்காடுகள் குறையவே, செங்கற்பட்டு முதலிய ஜில்லாக்களின் கடற்கரை மணலில் விறகுக்கென்று சவுக்கு பயிரிடப்பட்டது. வேறொன்றும் விளையாத மணலுக்கு அப்போது தான் ஒரு மதிப்பு உண்டாயிற்று. ரயிலுக்கு விறகு தேவைப்படாத காலம் வந்த பின்பும் சவுக்கு நம்மை விட்டுப் போகவில்லை. சாரக்கம்புக்கும், பந்தற் காலுக்கும், அடுப்புக்கும், காகித ஆலைக்கும் இன்று அது வேண்டியிருக்கிறது.

ஒரு வருஷத்தின் விலை

தைலமரத்தை வெட்டினால் அடிக்கட்டை தளிர்த்து மறுதாம்பு தரும். நம் கரையோரச் சவுக்கு அவ்விதமன்று. வெட்டியபின் அதன் கட்டையை நம்பிப் பயனில்லை. ஒவ்வொரு போகத்துக்கும் புதிய நாற்று வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை மறப்பதனால் தான் தொல்லை உண்டாகிறது.

ஒரு வாய்க்காலின் இரு கரையிலும் ஆளுக்கு இரண்டு ஏக்கர் சவுக்கு வைத்திருக்கும் அண்ணன் தம்பி இருவரை உதாரணமாகக் கொள்வோம். நான்காம் வருஷம் சித்திரையில் இருவர் தோப்பும் வெட்டுக்குத் தயாராக நிற்கின்றன. "அண்ணா, ஆவணிக்குள் டன்னுக்கு இன்னும் கொஞ்சம் விலை ஏறும் என்று வியாபாரி சொல்கிறார், பொறுத்து வெட்டுவோம்" என்கிறான் தம்பி. "விலை ஏறினால் ஏறட்டும், தம்பி, ஐப்பசி மழை நமக்காகக் காத்திராது" என்று சொல்லி, அண்ணன் வைகாசியில் வெட்டி முடிக்கிறார். தம்பியின் தோப்புக்கு ஆவணியில் ஆள் வரவில்லை. புரட்டாசியில் வெட்டு ஆரம்பமாகிறது. மழை பிடித்துக்கொண்டதும் லாரி நிலத்தில் இறங்க முடியவில்லை. கார்த்திகை கழிந்தே நிலம் காலியாகிறது. அப்போது நாற்றுக்கு அலைந்து, கிடைத்ததை வாங்கித் தையில் நட்டால், சித்திரை வெயிலில் பாதி கருகுகிறது. அடுத்த ஐப்பசியில் மறுபடி நட வேண்டியதாகிறது.

இதன் கணக்கைப் பார்க்க வேண்டும். நான்கு வருஷத்துக்கு ஒரு வெட்டு என்றால் இருபது வருஷத்தில் அண்ணனுக்கு ஐந்து வெட்டு. ஒவ்வொரு முறையும் ஒரு வருஷம் இழக்கும் தம்பிக்கு நான்கே வெட்டு. விலையில் கிடைத்த சிறு ஏற்றம், ஒரு முழு மகசூலின் இழப்புக்கு ஈடாகுமா? பட்டம் தப்பினால் நட்டம் என்று பெரியோர் சொன்னது நெல்லுக்கு மட்டுமன்று. கிணறும் சொட்டுநீர்க் குழாயும் உள்ளவர்கள் மற்றக் காலத்திலும் நடலாம். மழையை நம்பிய மணல் நிலத்தார்க்கு ஐப்பசியைத் தவிர வேறு கதியில்லை.

வெட்டுக்கு முன் செய்ய வேண்டியவை

ஐப்பசியில் நட வேண்டுமானால் சித்திரையிலேயே நாற்றங்கால் போட வேண்டும். அதாவது, மரம் நிற்கும்போதே அதன் வாரிசு முளைத்திருக்க வேண்டும். சவுக்கு விதை மிகச் சிறியது. ஒரு கிலோவில் பல லட்சம் விதைகள் இருக்கும். நன்கு உயர்ந்த, நேரான, நோயற்ற மரங்களின் முற்றிய காய்களைப் பறித்து உலர்த்தினால் விதை தானே உதிரும். மேட்டுப்பாத்தியில் விதையை மணலுடன் கலந்து தூவி, மெல்லிய மணலால் மூடி, மேலே வைக்கோல் பரப்பிப் பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். எறும்பு விதையைக் கவர்ந்து செல்லும். ஆகையால் பாத்தியைச் சுற்றி எறும்புப் பொடி இடுதல் அவசியம். ஒரு வாரம் பத்து நாளில் முளை தோன்றும். நான்கு முதல் ஆறு வாரங்களில் நாற்றைப் பைகளுக்கோ குழித்தட்டுகளுக்கோ மாற்றலாம். ஏக்கருக்கு நாலாயிரம் நட வேண்டுமானால் ஐயாயிரம் வளர்ப்பது நன்று. மிகுந்தவை இடம் நிரப்ப உதவும்.

விதையின்றி, தேர்ந்த மரத்தின் இளங்கிளைத் துண்டுகளை வேர்பிடிக்கச் செய்து வளர்க்கும் கன்றுகளும் இப்போது கிடைக்கின்றன. கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் இத்தகைய தேர்ந்த ரகங்களை வெளியிட்டிருக்கிறது. இவை ஒரே சீராக வளர்வன. ஆனால் நிலம் முழுவதும் ஒரே ரகத்தை நடலாகாது. ஒரு நோய் வந்தால் அத்தனையும் ஒருங்கே போகும். நாலைந்து ரகங்களை வரிசை வரிசையாக நடுவதே விவேகம்.

விற்பனை உடன்படிக்கையை எழுத்தில் முடிக்க வேண்டும். விலையோடு, இந்தத் தேதிக்குள் வெட்டி, மரத்தையும் மிலாரையும் அப்புறப்படுத்தி, நிலத்தைக் காலி செய்து தர வேண்டும் என்னும் நிபந்தனையும் அதில் இடம்பெற வேண்டும். பச்சை மரம் நாளுக்கு நாள் எடை குறையும் என்பதால், எடைக்கு விற்பவர்கள் வெட்டிய உடனே நிறுத்துவிட வேண்டும். பட்டையோடு எடையா, உரித்த பின் எடையா என்பதையும் முன்னமே பேசி முடித்துக்கொள்வது வழக்கைத் தவிர்க்கும்.

வெட்டும் முறை

மரத்தைத் தரையோடு ஒட்டி அறுக்க வேண்டும். அரை அடி உயரத்தில் விடப்படும் கட்டை, மரத்தின் மிகப் பருமனான பாகம். ஏக்கருக்கு நாலாயிரம் கட்டை என்று எண்ணினால் அந்த நஷ்டம் விளங்கும். காற்று வீசும் பக்கத்தை முதலில் வெட்டலாகாது. அவ்விதம் செய்தால் உள்ளேயிருக்கும் ஒல்லி மரங்கள் திடீரெனக் காற்றுக்கு இலக்காகிச் சாயும். காற்று மறைந்த பக்கத்தில் தொடங்கி, காற்றெதிர்ப் பக்கத்தைக் கடைசியில் எடுக்க வேண்டும். எஞ்சின் ரம்பம் ஓடும்போது சாயும் மரத்தின் இரண்டு பங்கு தூரத்துக்குள் வேறு ஆளும், மிலார் பொறுக்கும் பெண்டு பிள்ளைகளும் வராதபடி பார்த்துக்கொள்வது நிலக்காரர் பொறுப்பாகும்.

பட்டை கொப்புளித்து உள்ளே கரும்பொடி காணும் மரங்களையும், நுனியிலிருந்து காய்ந்து வரும் மரங்களையும் வெட்டுக்கு முன்பே சுண்ணாம்பால் குறியிட வேண்டும். அவற்றின் வேர்க்கட்டையைத் தோண்டியெடுத்து எரித்து, அவ்விடத்தில் அடுத்த போகம் சவுக்கு நடாமல் விடுவது நலம்.

நிலத்தில் எதை விடுவது?

சவுக்கின் வேர் முடிச்சுகளில் வாழும் பிராங்கியா என்னும் நுண்ணுயிர், காற்றிலுள்ள தழைச்சத்தை மரத்துக்குச் சேர்க்கிறது. ஆகையால் சவுக்கு நிலத்தை வளப்படுத்தும் என்று சொல்லுவது உண்மையே. ஆனால் அது பாதி உண்மை தான். கட்டையும், மிலாரும், வேரும், கடைசியில் சருகும் கூட வாரியெடுக்கப்பட்டால், சேர்ந்த சத்து நிலத்தில் நிற்பது எங்ஙனம்? மணிச்சத்தும் சாம்பற்சத்தும் காற்றிலிருந்து வருவனவுமல்ல. இரண்டாம் மூன்றாம் போகங்களில் மரம் மெலிந்து போவதற்கு இதுவே முக்கிய காரணங்களில் ஒன்றாகும்.

சருகையும் மெல்லிய நுனிக் கொம்புகளையும் நிலத்திலேயே விட்டுவிட வேண்டும். வேர்க்கட்டையை எடுக்கலாம், அதன்மேல் ஒட்டிய மண்ணையும் முடிச்சு நிறைந்த சல்லி வேர்களையும் உதறி நிலத்தில் சேர்க்க வேண்டும். நோயற்ற தோப்பின் முடிச்சுகளை இடித்து நீரில் கரைத்து நாற்றங்காலில் ஊற்றினால் புதிய கன்றுகளுக்கு அந்நுண்ணுயிர் விரைவில் தொற்றும். ஆனியில் கட்டை எடுத்து உழுது, ஆடி மழைக்குச் சணப்போ கொளுஞ்சியோ விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுதால் புரட்டாசி முடிவில் நிலம் நடவுக்கு ஆயத்தமாகும். இரண்டு போகம் தொடர்ந்து சவுக்கு எடுத்த நிலத்தில் ஒரு வருஷம் நிலக்கடலை முதலிய பயிர் வைத்து மாற்றுவதும் நல்ல பழக்கமே. அது எண்ணிச் செய்யும் மாற்றம். மழை தப்பியதால் நேரும் தரிசுக்கும் இதற்கும் பேதம் உண்டு.

மறுநடவு

மீட்டருக்கு மீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சற்றேறக்குறைய நாலாயிரம் கன்று பிடிக்கும். பருமனான கம்பு வேண்டுவோர் ஒன்றரை மீட்டர் விடலாம். அப்போது ஆயிரத்து எண்ணூறு போதும். ஒரு அடிக் குழியில் தொழு உரமும் சிறிது சூப்பர் பாஸ்பேட்டும் கலந்த மண்ணிட்டு, மழை ஈரத்தில் நட வேண்டும். ஒரு மாதத்துக்குள் பட்டுப்போன இடங்களை நிரப்ப வேண்டும். அதன்பின் நிரப்பும் கன்று பக்கத்து மரத்தின் நிழலில் எழும்பாது. முதல் வருஷத்தில் வரிசைகளின் நடுவே நிலக்கடலை, உளுந்து, தர்ப்பூசணி இவற்றில் ஏதேனும் ஒன்றை வைத்தால் களையும் அடங்கும், கைச்செலவுக்கும் ஆகும். முதலிரண்டு கோடைகளில் தண்ணீர் காட்டாத மணல் நிலத்தில் மரம் தேறுமென்று எதிர்பார்க்கலாகாது.

ஊரின் காவல்

கடலோரக் கிராமங்களில் சவுக்கு விற்பனைச் சரக்கு மட்டுமன்று, ஊருக்கு வேலியுமாகும். வேதாரணியத்தை அடுத்த நாலுவேதபதியில் 2002-ம் வருஷம் ஒரே நாளில் 80,244 கன்றுகள் நடப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை சவுக்கு. 2004 டிசம்பர் 26-ந் தேதி எழுந்த ஆழிப்பேரலையின் வேகத்தை அம்மரங்கள் தணித்து ஊருக்குத் துணை நின்றன. 2011-ல் கடலூர்ப் பக்கம் வீசிய தானே புயலும், 2018-ல் வேதாரணியத்தில் கரையேறிய கஜா புயலும் காற்றின் பலம் எத்தகையதென்று யாவருக்கும் காட்டியிருக்கின்றன. ஆகையால் கடலை நோக்கிய நிலங்களை ஒரே வருஷத்தில் ஒட்ட வெட்டலாகாது. பட்டை பட்டையாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று வெட்டி, நட்ட கன்று ஆளுயரம் தாண்டிய பின்னரே மற்றதைத் தொட வேண்டும். அடுத்தடுத்த நிலக்காரர் பலரும் கலந்து பேசினாலன்றி இது நடவாது.

இங்கே தான் கிராம அதிகாரிகளின் உதவி தேவைப்படுகிறது. அடங்கலில் சவுக்கும் அதன் பரப்பும் சரியாகப் பதிவாகியிருந்தால், எந்த நிலம் எந்த வருஷம் வெட்டுக்கு வருமென்று முன்கூட்டித் தெரியும். புயற்சேதம் நேர்ந்தபோது நிவாரணக் கணக்கெடுப்புக்கும் அதுவே ஆதாரம். வெட்டு ஆரம்பிக்கும் முன் எல்லைக்கற்களைக் காட்டி, பட்டா மரம் இது, புறம்போக்கு மரம் இது என்று நிலைநிறுத்திவிட்டால் பின்னர் சண்டைக்கு இடமிராது. சாய்ந்துபோன கல்லை வெட்டுக்குப் பின் தேடுவது வீண் வேலை.

சுருங்கச் சொன்னால், சித்திரையில் நாற்றங்கால், வைகாசிக்குள் வெட்டு, ஆனியில் உழவு, ஆடியில் பசுந்தாள், புரட்டாசியில் மடக்கு, ஐப்பசியில் நடவு என்னும் முறையைக் கைக்கொள்ளுபவர் தோப்பு ஒரு வருஷமும் சும்மா கிடக்காது. அடுத்த முறை வியாபாரி வாசலுக்கு வந்து விலை பேசும்போது, நிலக்காரர் முதலில் தம் நாற்றங்காலைப் போய்ப் பார்க்கட்டும். அங்கே கன்று இருந்தால் பேரத்தைத் தொடங்கலாம். இல்லையெனில் கோடரியை எடுக்குமுன் விதையைத் தேட வேண்டும்.